உங்களுக்குத் தெரியுமா? குவாண்டம் சுற்றுகளைக் கலைக்கும் இரைச்சல்

ஒரு எலெக்ட்ரான் ஒரே நேரத்தில் இரண்டு பாதைகளில் போகும். தாண்டவே முடியாத தடுப்பை ஊடுருவி மறுபக்கம் வந்து நிற்கும். இந்த வித்தைகளை எல்லாம் நானோ அளவு மின்சுற்றுகளில் கண்ணெதிரே அளந்து பார்க்கலாம், அக்கம்பக்கம் சும்மா இருந்தால்! வெப்பம், மின்புலம், காந்தப்புலம், அதிர்வு, கதிர்வீச்சு என எது லேசாக அசைந்தாலும் வித்தை கலைந்துவிடும். இப்படிப்பட்ட அசைவு எல்லாவற்றுக்கும் இயற்பியலாளர்கள் வைத்திருக்கும் ஒரே பெயர் இரைச்சல். அதைப் பற்றிச் சில துணுக்குகள்.

பேட்டரி இல்லாமலே மின்னழுத்தம்

எதனோடும் இணைக்காமல் மேசைமேல் கிடக்கும் மின்தடையின் இரு முனைகளுக்கு நடுவிலும் மின்னழுத்தம் ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். உள்ளே எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைபாய்வதுதான் காரணம். பெல் ஆய்வகத்தில் இதை அளந்தவர் ஜான் ஜான்சன். கணக்குப் போட்டு விளக்கியவர் ஹாரி நைக்விஸ்ட். இருவரின் கட்டுரைகளும் 1928இல் வெளிவந்தன. இருவருமே ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள். 1,000 ஓம் மின்தடையை அறை வெப்பநிலையில் வைத்து, 10,000 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அளந்தால் இந்த இரைச்சல் சுமார் 0.4 மைக்ரோவோல்ட். வானொலிப் பெட்டிக்கு இது தூசு. ஒற்றை எலெக்ட்ரானை நம்பி ஓடும் சுற்றுக்கோ பெரிய தொல்லை.

விண்வெளியைவிடக் குளிர்

குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு கியூபிட். மின்தடையே இல்லாத மீக்கடத்தியால் செய்த கியூபிட்டுகள் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குகின்றன. அந்த அதிர்வெண்ணில் ஒரு குவாண்டத்தின் ஆற்றலை வெப்பநிலையாக மாற்றிச் சொன்னால் 0.24 கெல்வின்தான். அறை வெப்பநிலை 300 கெல்வின். அதாவது ஆயிரம் மடங்குக்கும் மேலான ஆரவாரம். அதனால்தான் இந்தச் சுற்றுகளை 10 முதல் 20 மில்லிகெல்வின் வரை குளிர்விக்கிறார்கள். விண்வெளியின் பின்னணி வெப்பநிலையே 2.7 கெல்வின் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஹீலியம்-3, ஹீலியம்-4 இரண்டையும் கலந்து குளிர்விக்கும் இந்த முறையை 1951இல் முன்மொழிந்தவர் ஹைன்ஸ் லண்டன். முதல் கருவி 1960களின் நடுவில் நெதர்லாந்தின் லைடன் நகரில் இயங்கியது.

ஒவ்வொருவராக வரவும்

எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக எண்ணி அனுப்பும் டிரான்சிஸ்டர் உண்டு. 1987இல் பெல் ஆய்வகத்தின் ஃபுல்டனும் டோலனும் செய்து காட்டினார்கள். நடுவிலுள்ள குட்டி உலோகத் தீவில் ஒரு எலெக்ட்ரான் ஏறிவிட்டால், அதன் மின்விலக்கம் அடுத்ததை உள்ளே விடாது. ஆனால் தீவின் மின்தேக்கம் 1 ஃபெம்டோஃபாரட் என்றால், அந்த விலக்கத்தின் ஆற்றல் 0.9 கெல்வின் வெப்பத்துக்குத்தான் சமம். அதற்குமேல் சூடானால் வெப்ப இரைச்சலே எலெக்ட்ரான்களைத் தள்ளி ஏற்றிவிடும், வரிசை குலையும். தீவு சிறுக்கச் சிறுக்க இந்த வரம்பு உயரும்.

கம்பிக்கும் பங்கு உண்டு

இரண்டு உலோகத் துண்டுகள், நடுவே மிக மெல்லிய காப்புப் படலம். எலெக்ட்ரான் இந்தப் படலத்தை ஊடுருவுமா என்பதைப் படலம் மட்டும் முடிவு செய்வதில்லை. வெளியே இணைத்த கம்பிகளும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. ஊடுருவும் கணத்தில் மின்னேற்றம் திடீரென இடம் மாறுவதால், சுற்றியுள்ள கம்பிகள் கொஞ்சம் ஆற்றலைக் கேட்டு வாங்குகின்றன. சுமார் 25,800 ஓமுக்கு மேல் தடையுள்ள கம்பிகள் என்றால் கேட்பது அதிகம். மின்னழுத்தம் குறைவாக இருக்கும்போது எலெக்ட்ரானிடம் கொடுக்க இருப்பில்லை, ஓட்டம் முடங்கும். தனிச்சுழி வெப்பநிலையில் (0 கெல்வின்) சூழல் வாங்கத்தான் முடியும், தர முடியாது. 1990 வாக்கில் உருவான இந்தக் கணக்கு, ‘கருவி வேறு, சூழல் வேறு’ என்ற எண்ணத்தையே அசைத்துவிட்டது.

செப்புத் தூளும் நோபல் பரிசும்

உராய்வு இருந்தால் குவாண்டம் ஊடுருவல் குறையும் என்று 1981இல் கணக்கிட்டுச் சொன்னவர்கள் கால்டீராவும் ஆண்டனி லெகெட்டும். அதைச் சுற்றுகளில் சோதிக்க வேண்டுமானால் முதலில் வெளி இரைச்சலை அடைக்க வேண்டும். அறையிலிருந்து கம்பி வழியாக இறங்கும் நுண்ணலைகளே போலியான ‘ஊடுருவலை’ உண்டாக்கிவிடும். பெர்க்லியில் ஜான் கிளார்க், மிஷெல் டெவொரே, ஜான் மார்ட்டினிஸ் மூவரும் செப்புத் தூள் நிரப்பிய குழாய்க்குள் கம்பியைச் சுருட்டி வைத்தார்கள். தூளின் ஒவ்வொரு துகளும் நுண்ணலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. கையில் எடுத்துப் பார்க்கும் அளவிலான சுற்று ஒன்று குவாண்டம் விதிப்படி நடப்பதை 1984, 1985ஆம் ஆண்டுகளில் நிறுவிய இந்த மூவருக்கும் 2025இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. செப்புத் தூள் வடிகட்டிகள் இன்றும் பல ஆய்வகங்களில் புழக்கத்தில் இருக்கின்றன.

தங்க வளையத்தில் இருவழிப் பயணம்

1985இல் ஐபிஎம் ஆய்வகத்தில் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள தங்க வளையம் செய்தார்கள். காந்தப்புலத்தை மெல்ல மெல்லக் கூட்டியபோது வளையத்தின் மின்தடை சீரான இடைவெளியில் ஏறி இறங்கியது. ஒவ்வொரு எலெக்ட்ரானும் வளையத்தின் இரு பக்கமும் சென்று தன்னோடு தானே சேர்ந்துகொண்டதற்கு அதுவே சாட்சி. இதைப் பார்க்க 1 கெல்வினுக்கும் கீழே இறங்க வேண்டியிருந்தது. அந்தக் குளிரில் எலெக்ட்ரானின் அலையைக் கலைப்பது யார்? பெரும்பாலும் மற்ற எலெக்ட்ரான்களே! அவற்றின் அலைபாய்வால் எழும் மின்புல இரைச்சல் எவ்வளவு என்று ஆல்ட்ஷுலர், அரோனோவ், ஹ்மெல்னிட்ஸ்கி மூவரும் 1982லேயே கணக்கிட்டிருந்தார்கள்.

பத்து லட்சத்தில் ஒன்று

தனிச்சுழியை நெருங்க நெருங்க எலெக்ட்ரான் அலை கலையாமல் நிற்கும் காலம் நீண்டுகொண்டே போக வேண்டும். ஆனால் 1997இல் தங்கக் கம்பிகளில் அளந்தபோது, ஒரு கட்டத்துக்குமேல் அது நீளாமல் தேங்கி நின்றது. சுழி நிலையிலும் அடங்காத அடிப்படை இரைச்சல்தான் காரணமோ என்று பெரிய வாதமே நடந்தது. பின்னர் மிகத் தூய வெள்ளிக் கம்பிகளில் அளந்தால் தேக்கம் காணாமல் போனது. பத்து லட்சம் அணுக்களில் ஒன்றுக்கும் குறைவாக மாங்கனீஸ் போன்ற காந்த அணுக்கள் கலந்திருந்தாலே இந்தத் தேக்கம் வந்துவிடும் என்று 2003இல் பிரான்ஸ், அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

யாரும் பார்க்காவிட்டாலும்

எலெக்ட்ரான் எந்தப் பாதையில் போனது என்பதைக் காட்டும் தடயம் எங்காவது விழுந்தாலே போதும், இரு பாதை அலைகளும் ஒன்றுசேரும் குறுக்கீட்டு விளைவு மங்கிவிடும். அந்தத் தடயத்தை ஒருவர் படித்தாரா இல்லையா என்பது முக்கியமில்லை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் 1998இல் இதை நேரடியாகச் சோதித்தார்கள். இருபாதைச் சுற்றின் ஒரு பாதைக்குப் பக்கத்தில் நுண்ணிய உளவுக் கருவி ஒன்றை வைத்து, அதன் மின்னழுத்தத்தைக் கூட்டக் கூட்ட எலெக்ட்ரானின் அலைத்தன்மை மங்கியது. சுற்றியுள்ள உலகம் தடயத்தை வாங்கிக்கொள்வதும் இரைச்சலால் அலை கலைவதும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள்.

ஒரு பொறி, ஓயாத சத்தம்

சிலிக்கன் டிரான்சிஸ்டரை மிகச் சிறியதாக ஆக்கினால், அதன் மின்தடை இரண்டு மதிப்புகளுக்கிடையே திடீர் திடீரெனத் தாவும். பக்கத்து ஆக்சைடில் உள்ள ஒரு குறைபாடு ஒற்றை எலெக்ட்ரானைப் பொறிபோலப் பிடிப்பதும் விடுவதுமாக இருப்பதே காரணம். 1984இல் பெல் ஆய்வகத்தில் இந்தத் தாவல்களைத் தெளிவாகப் பதிவு செய்தார்கள். பெரிய டிரான்சிஸ்டரில் இப்படி ஆயிரக்கணக்கான பொறிகள் வெவ்வேறு வேகத்தில் இயங்கி, அதிர்வெண் குறையக் குறைய வலுக்கும் இரைச்சலாக மாறுகின்றன. குவாண்டம் சுற்றுகளுக்கு மிகவும் தொல்லை தருவது இந்த மெதுவான இரைச்சல்தான்.

கண்ணாடியின் குணம்

கண்ணாடி போன்ற ஒழுங்கற்ற திடப்பொருள்களில் சில அணுக்கூட்டங்களுக்கு உட்கார இரண்டு இடங்கள் இருக்கும். கடுங்குளிரிலும் அவை இங்குமங்கும் ஊடுருவிக்கொண்டே இருக்கும். 1972இல் ஆண்டர்சன், ஹால்பெரின், இந்தியாவில் பிறந்த சந்திர வர்மா மூவரும் இதைக் கொண்டு கண்ணாடியின் விநோதமான வெப்ப ஏற்புத்திறனை விளக்கினார்கள். அதே ஆண்டு ஃபிலிப்ஸ் என்பவரும் தனியாக அதே முடிவுக்கு வந்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே அணுக்கூட்டங்கள் கியூபிட்டுகளின் ஆற்றலை உறிஞ்சுவது தெரியவந்தது. அலுமினியத்தின் மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடே அவற்றின் குடியிருப்பு.

நானோவினாடியிலிருந்து மில்லிவினாடிக்கு

1999இல் ஜப்பானின் என்இசி ஆய்வகத்தில் நகாமுரா, பாஷ்கின், த்சாய் மூவரும் செய்த முதல் மீக்கடத்திக் கியூபிட் சில நானோவினாடிகளே தாக்குப்பிடித்தது. அக்கம்பக்கத்து மின்னேற்ற இரைச்சல் அதைக் கலைத்துவிட்டது. 2002இல் பிரான்ஸின் சாக்லே ஆய்வகம் ஒரு உபாயம் கண்டது: இரைச்சல் சற்று அசைந்தாலும் அதிர்வெண் மாறாத ஒரு புள்ளியில் கியூபிட்டை நிறுத்தி வைத்தால் அரை மைக்ரோவினாடி கிடைத்தது. 2007இல் யேல் பல்கலைக்கழகத்தார் பெரிய மின்தேக்கி ஒன்றை இணைத்து, மின்னேற்ற இரைச்சலைக் கியூபிட் ஏறக்குறையப் பொருட்படுத்தாதபடி செய்தார்கள். அதுதான் டிரான்ஸ்மான். இன்று சில மீக்கடத்திக் கியூபிட்டுகள் ஒரு மில்லிவினாடியையும் தாண்டிவிட்டன. லட்சக்கணக்கான மடங்கு முன்னேற்றம்! ஒவ்வொரு முறையும் நடந்தது ஒன்றுதான்: எந்த இரைச்சல் கெடுக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த ஒன்றுக்கு மட்டும் செவிடாகும்படி கியூபிட்டை மாற்றினார்கள்.

பத்து லட்சம் குட்டிக் காந்தங்கள்

காலியம் ஆர்சனைடில் எல்லா அணுக்கருக்களுக்கும் தற்சுழற்சி உண்டு. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். அதில் சிறைப்பட்ட ஒரு எலெக்ட்ரான் சுமார் பத்து லட்சம் அணுக்கருக்களின் மேல் பரவியிருக்கிறது. அத்தனை காந்தங்களும் அசைவதால் எலெக்ட்ரானின் சுழற்சி 10 நானோவினாடியில் குழம்பிவிடும்.

சிலிக்கன் கதை வேறு. இயற்கைச் சிலிக்கனில் 4.7 சதவீதம் மட்டுமே தற்சுழற்சி உள்ள சிலிக்கன்-29. அதையும் 0.08 சதவீதமாகக் குறைத்த தூய சிலிக்கனில், சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார் 2014இல் எலெக்ட்ரான் சுழற்சியை 28 மில்லிவினாடி காப்பாற்றிக் காட்டினார்கள். அதே ஆண்டு அங்கேயே ஒரு பாஸ்பரஸ் அணுக்கருவின் குவாண்டம் நிலை 30 வினாடிக்கும் மேல் கலையாமல் நின்றது.

பின்னால் திரும்பு!

கலைந்த அலையைத் திரும்பவும் ஒன்றுசேர்க்க முடியுமா? முடியும், இரைச்சல் மெதுவானதாக இருந்தால். வெவ்வேறு வேகத்தில் ஓடும் பிள்ளைகளைப் பாதி வழியில் விசிலடித்து ‘வந்த வழியே திரும்புங்கள்’ என்றால், எல்லோரும் ஒரே நேரத்தில் புறப்பட்ட கோட்டுக்கு வந்துசேர்வார்கள். 1950இல் எர்வின் ஹான் அணுக்காந்தங்களில் கண்டுபிடித்த எதிரொலி முறை இதுதான். நேரம் பார்த்துக் கொடுக்கும் ஒரு துடிப்புதான் விசில். 2005இல் ஹார்வர்டில் இதைப் பயன்படுத்தி, மேலே சொன்ன 10 நானோவினாடியை ஒரு மைக்ரோவினாடிக்கும் மேலாக நீட்டினார்கள். துடிப்புகளை அடுத்தடுத்துக் கொடுத்து 2011இல் 200 மைக்ரோவினாடியைத் தாண்டினார்கள். வேகமான இரைச்சலிடம் இந்த வேலை பலிக்காது.

குற்றவாளி ஆக்சிஜன்

மீக்கடத்திக் காந்த உணரிகளில் விளக்க முடியாத ஒரு காந்த இரைச்சல் இருப்பதை 1987இல் பெர்க்லியில் கண்டார்கள். உலோகத்தை மாற்றினாலும் வடிவத்தை மாற்றினாலும் அளவு ஏறக்குறைய அப்படியே இருந்தது. மர்மத்துக்கு விடை கிடைக்கக் கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் ஆயின. காற்றிலிருந்து ஒட்டிக்கொண்ட ஆக்சிஜன் மூலக்கூறுகளுக்கு அதில் பெரும்பங்கு உண்டு என்று 2016இல் தெரிந்தது. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனுக்குக் காந்தத்தன்மை உண்டு!

விண்ணிலிருந்து ஒரு அடி

அண்டக் கதிர்களும் சுவரிலுள்ள இயற்கைக் கதிரியக்கமும்கூடக் குவாண்டம் சில்லுகளைத் தாக்குகின்றன. ஒரு துகள் சில்லில் பாய்ந்தால், மீக்கடத்தியில் ஜோடி சேர்ந்திருக்கும் எலெக்ட்ரான்கள் உடைந்து சிதறும். 2020இல் எம்ஐடி ஆய்வாளர்கள் கதிரியக்கச் செம்பு-64ஐக் கியூபிட்டின் அருகே வைத்தும், ஈயச் செங்கற்களால் மறைத்தும் இதை உறுதிசெய்தார்கள். கூகுளின் பழைய சில்லு ஒன்றில் சராசரியாக 10 வினாடிக்கு ஒரு முறை இப்படி அடி விழுந்து, ஒரே நேரத்தில் பல கியூபிட்டுகள் பிழை செய்தன. இத்தாலியின் கிரான் சாஸ்ஸோவில் 1,400 மீட்டர் பாறைக்கு அடியில் மீக்கடத்திச் சுற்றுகளை இயக்கிப் பார்த்ததில், இந்தத் தாக்குதல்கள் வெகுவாகக் குறைந்தன.

குளிர்விக்கும் கருவியே குறும்பு செய்தால்?

திரவ ஹீலியம் ஊற்றத் தேவையில்லாத நவீன குளிர்விப்பான்களில், வினாடிக்கு ஒன்றிரண்டு முறை அழுத்த வாயு துடித்துக்கொண்டிருக்கும். அந்த அதிர்வில் கேபிளின் உள்கம்பியும் பிளாஸ்டிக் காப்பும் உரசி மின்னேற்றம் உண்டாகும். கியூபிட்டுக்கு அதுவும் இரைச்சல்தான். கேபிளை அசையாமல் இறுக்கிக் கட்டுவதும் இத்துறையில் ஒரு ஆராய்ச்சி!

சூழலைச் செதுக்கலாம்

ஒரு குவாண்டம் அமைப்பு எவ்வளவு வேகமாக ஆற்றலை இழக்கும் என்பது அதைச் சுற்றியுள்ள வெற்றிடத்தின் தன்மையைப் பொறுத்தது என்று 1946இல் எட்வர்ட் பர்செல் சொன்னார். கியூபிட் வடிவமைப்பாளர்கள் இதைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். கியூபிட்டின் அதிர்வெண்ணில் மட்டும் ஆற்றல் வெளியேற வழியில்லாதபடி சுற்றில் வடிகட்டி அமைக்கிறார்கள். அளவீட்டுக்கான சமிக்ஞை தாராளமாக வெளியே வரும். கியூபிட்டின் ஆற்றல் உள்ளேயே இருக்கும்.

இரைச்சலாலும் நன்மை

ஒழுங்கில்லாத அமைப்பில் எலெக்ட்ரான் அலை ஒரே இடத்தில் முடங்கிப்போகும் என்று 1958இல் ஃபிலிப் ஆண்டர்சன் காட்டினார். சுத்தமான அமைதியில் அது அங்கேயே கிடக்கும். கொஞ்சம் இரைச்சல் சேர்த்தால் முடக்கம் உடைந்து நகரத் தொடங்கும். அளவு மிஞ்சினால் மீண்டும் நின்றுவிடும். 2008இல் ஒளிச்சேர்க்கையை ஆராய்ந்தவர்கள் முன்வைத்த இந்தக் கருத்தை, 2018இல் சூரிச்சில் மூன்று மீக்கடத்திக் கியூபிட்டுகளைக் கொண்டு சோதித்தார்கள். வேண்டுமென்றே இரைச்சலைச் செலுத்தியபோது ஆற்றல் கடத்தும் திறன் கூடியது.

மூன்றில் ஒரு பங்கு எலெக்ட்ரான்

மின்னோட்டம் தனித்தனி மின்னேற்றங்களாக வருவதால் அதில் ஒரு படபடப்பு இருக்கும் என்று 1918இல் வால்டர் ஷாட்கி சொன்னார். துகளின் மின்னேற்றம் பெரிதானால் படபடப்பும் கூடும். ஆகவே படபடப்பை அளந்தால் மின்னேற்றத்தையே எடைபோட்டுவிடலாம். 1997இல் கடுங்குளிரிலும் வலிமையான காந்தப்புலத்திலும் வைத்த குறைகடத்தியில் சாக்லே, வைஸ்மன் ஆய்வாளர்கள் தனித்தனியாக இப்படி அளந்தார்கள். கிடைத்த விடை: எலெக்ட்ரானின் மின்னேற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு. சராசரி மின்னோட்டத்தை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

மும்பையிலும் கியூபிட்

2024 ஆகஸ்டில் இந்தியாவில் 6 கியூபிட் மீக்கடத்திச் செயலி ஒன்று முழுமையாகச் சோதிக்கப்பட்டது. சில்லை வடிவமைத்துச் செய்தது மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிகளை இணைத்தது புனேயிலுள்ள டிஆர்டிஓ இளம் விஞ்ஞானிகள் ஆய்வகம். மில்லிகெல்வினில் இருக்கும் சில்லுக்கும் அறை வெப்பநிலையில் இருக்கும் கருவிகளுக்கும் நடுவே கம்பி போகும் ஒவ்வொரு படியிலும் இரைச்சலை வடிகட்டுவது இதுபோன்ற எந்தச் செயலியிலும் பாதி வேலை.

பிழையோடு பிழைப்பது

எவ்வளவு அடைத்தாலும் இரைச்சல் முழுதாகப் போகாது. ஆகவே ஒரு தகவலைப் பல கியூபிட்டுகளில் பகிர்ந்து வைத்து, பிழை நேர்ந்ததும் திருத்தும் வழியை 1995இல் பீட்டர் ஷோர் காட்டினார். இதில் ஒரு நிபந்தனை உண்டு: தனிக் கியூபிட்டின் பிழை ஒரு வரம்புக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கியூபிட் கூடக் கூடப் பிழையும் கூடும். 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட கூகுளின் 105 கியூபிட் வில்லோ சில்லு அந்த வரம்புக்குக் கீழே வந்துவிட்டது. 3×3, 5×5, 7×7 என்று கட்டத்தைப் பெரிதாக்கிய ஒவ்வொரு முறையும் பிழை பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனால் அதே ஆய்வில், ஏறக்குறைய மணிக்கு ஒரு தடவை பல கியூபிட்டுகள் ஒருசேரப் பிழை செய்வதும் பதிவாகியிருக்கிறது. அடுத்துப் பிடிக்க வேண்டிய இரைச்சல் அதுதான்.